வேறு துறையிலிருந்து ஸ்பீச் தெரபிக்கு: அமெரிக்காவில் எஸ்.எல்.பி. படிக்க நினைப்பவர்களுக்கு

“சாஃப்ட்வேரில் பல வருஷம் இருந்துவிட்டேன். இப்போது ஸ்பீச் தெரபி படிக்க முடியுமா?” அமெரிக்கத் தமிழர்கள் நாலு பேர் கூடினால் அதில் ஒருவராவது என்னிடம் கேட்கும் கேள்வி இது. ஒருவருடைய பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகி, வாரா வாரம் தெரபிக்குக் கூட்டிப்போய், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் ஆசை வந்திருக்கும். இன்னொருவருடைய மாமனாருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிருக்கும். சிலர் ஆசிரியர்கள், சிலர் வங்கியில் இருந்தவர்கள், சிலர் குழந்தை பிறந்தபின் வேலையை விட்டவர்கள்.

முடியும். அமெரிக்காவில் இந்தத் தொழிலின் நுழைவாயில் மாஸ்டர்ஸ் பட்டம். அந்த மாஸ்டர்ஸில் சேர இளங்கலையும் இதே துறையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எஞ்சினியர், பி.காம்., ஆங்கில இலக்கியம் என்று எதைப் படித்தவரும் வரலாம். ஆனால் “ரெண்டு வருஷப் படிப்புதானே” என்று நம்பி இறங்குபவர்கள்தான் நடுவழியில் திணறுகிறார்கள். மாஸ்டர்ஸுக்கு முன்னால் முன்பாடங்கள், பின்னால் மேற்பார்வையோடு ஓர் ஆண்டு வேலை. எல்லாம் சேர்த்துக் குறைந்தது நான்கு வருடம் என்று மனதில் போட்டுக்கொண்டு வீட்டில் பேசுங்கள். அப்படிப் பேசி வந்தவர்கள் நிதானமாகப் படித்து முடிக்கிறார்கள்.

வேலை என்ன?

ஸ்பீச்-லாங்குவேஜ் பேத்தாலஜிஸ்ட், அதாவது ஸ்பீச் தெரபிஸ்ட், என்பதன் சுருக்கம்தான் எஸ்.எல்.பி. உச்சரிப்பைத் திருத்துபவர் என்று பலர் நினைக்கிறார்கள். அது வேலையில் ஒரு மூலை மட்டும். மாஸ்டர்ஸில் ஒன்பது பெரும் பகுதிகளைக் கற்க வேண்டும்: பேச்சொலி, திக்குவாய், குரல், மொழி, கேட்கும் திறன், விழுங்குதல், ஞாபகமும் கவனமும் போன்ற அறிவாற்றல், பிறரோடு பழகும் பேச்சு, பேச முடியாதவர்களுக்கான படப்பலகை மற்றும் கருவிகள். இந்தப் பட்டியலில் விழுங்குதலைப் பார்த்துப் புதியவர்கள் ஆச்சரியப்படுவார்கள். பேசவும் விழுங்கவும் நாம் பயன்படுத்துவது ஏறக்குறைய ஒரே உறுப்புகளைத்தான்.

பேச்சொலியில் ஓர் உதாரணம். நான்கு வயதுப் பையன் ‘க’ வரும் இடத்திலெல்லாம் ‘த’ சொல்கிறான். காக்காவைப் பார்த்து “தாத்தா” என்கிறான். சின்னக் குழந்தைகள் பலரும் இப்படிச் சொல்வார்கள். மூன்றரை நான்கு வயதுக்குள் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். ஆகாவிட்டால்தான் கவனிக்க வேண்டும். “நாக்கைப் பின்னால் கொண்டுபோ” என்று அந்த வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் புரியாது. அதனால் தெரபிஸ்ட் ஒரு காக்கா படத்தையும் ஒரு தாத்தா படத்தையும் முன்னால் வைப்பார். பையன் காக்காவை நினைத்துக்கொண்டு “தாத்தா” என்பான். தெரபிஸ்ட் தாத்தா படத்தை எடுத்து நீட்டுவார். பையனுக்கு முகம் மாறும். நான் கேட்டது இது இல்லையே! தான் சொன்னது ஒன்று, கேட்டவருக்குப் புரிந்தது வேறு என்று அவனுக்கே அந்த நொடியில் உறைக்கிறது. அப்புறம் வேறு ஒலியை முயன்று பார்க்க அவனுக்கே ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. ஓர் ஒலியில் மட்டும் வேறுபடும் இரண்டு சொற்களை வைத்துச் செய்யும் இந்த முறை பழையது, நன்கு ஆராயப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் விளையாட்டு மாதிரி இருக்கும். எந்தச் சொல்லை எடுப்பது, எப்போது கடினமாக்குவது, பத்துத் தடவையில் எத்தனை சரி என்பதையெல்லாம் ஒரு கை காகிதத்தில் குறித்துக்கொண்டே இருக்கும்.

மருத்துவமனையில் காட்சி வேறு. பக்கவாதம் வந்த பெரியவருக்குச் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும். எக்ஸ்ரே வீடியோவின் முன் அவரை உட்கார வைத்து, பேரியம் கலந்த தண்ணீர், கூழ், பிஸ்கட் என்று ஒவ்வொன்றாகக் கொடுப்பார்கள். திரையில் பேரியம் கறுப்பாக இறங்கும். குரல்வளை மேலே எழும்பும், குரல்வளை மூடி மடங்கும், கவளம் உணவுக்குழாய்க்குள் போய்விடும். ஒரு விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். சிலருக்குக் கறுப்பு நூல் மாதிரி ஒரு கீற்று மூச்சுக்குழாய்க்குள் நழுவும், இருமலே வராது. இருமல் வராததுதான் ஆபத்து. வீட்டில் யாருக்கும் தெரியாமலே நிமோனியா வரை கொண்டுபோய்விடும். எந்த அளவு கெட்டியாகக் கொடுத்தால் பத்திரம் என்று சொல்வது எஸ்.எல்.பி.யின் பொறுப்பு. ரசம் சாதம் எளிதான உணவு என்று நாம் நினைக்கிறோம். விழுங்கச் சிரமப்படுபவருக்கு நீரும் பருக்கையும் கலந்த அந்தச் சாப்பாடு தனிச் சாதத்தைவிடக் கடினம். நீர் முந்திக்கொண்டு ஓடிவிடும், பருக்கை வாயில் தங்கிவிடும்.

எஸ்.எல்.பி.க்கள் மிக அதிகமாக வேலை பார்க்கும் இடம் பள்ளிக்கூடம். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு இலவசமான, பொருத்தமான கல்வி தரவேண்டும் என்று 1975இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. ஐ.இ.பி. என்கிற தனித்திட்டம் உள்ள பிள்ளைகளுக்குப் பேச்சுச் சிகிச்சையை அரசுப் பள்ளியே தருவது அந்த வழியில்தான். வேலை தேடும்போது பள்ளிகளில்தான் இடம் அதிகம் இருக்கும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மாஸ்டர்ஸுக்கு முன்னால்

இளங்கலையில் இந்தத் துறையைப் படித்தவர்கள் சில அடிப்படைப் பாடங்களோடு மாஸ்டர்ஸுக்கு வருவார்கள். நீங்கள் அவற்றைத் தனியாக முடிக்க வேண்டும். இவற்றை லெவலிங் பாடங்கள் அல்லது முன்பாடங்கள் என்பார்கள். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பட்டியல் மாறும். ஆனாலும் ஒலியியல், பேச்சு மற்றும் செவி உறுப்புகளின் உடற்கூறு, குழந்தையின் மொழி வளர்ச்சி, பேச்சின் இயற்பியல், செவித்திறன் அறிமுகம், பேச்சு மொழிக் குறைபாடுகள் அறிமுகம் ஆகியவை ஏறக்குறைய எல்லா இடத்திலும் வரும். நரம்பியல் அடிப்படையும் சில இடங்களில் கேட்பார்கள்.

இதில் ஒலியியலைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று தமிழ் படித்தவர்களுக்கு நான் தைரியமாகச் சொல்வேன். க, ச, ட, த, ப என்ற வரிசையை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தொண்டைப் பக்கத்தில் தொடங்கி உதட்டில் வந்து முடியும். வல்லினம், மெல்லினம் என்று ஆரம்பப் பள்ளியில் படித்தோமே, அது முழுக்க ஒலி பிறக்கும் விதத்தை வைத்துப் பிரித்ததுதான். ஆங்கிலம் மட்டும் தெரிந்த மாணவர்கள் எழுத்தையும் ஒலியையும் பிரித்துப் பார்க்கவே சில வாரம் எடுத்துக்கொள்வார்கள். நமக்கு அந்தப் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. உடற்கூறு அப்படி இல்லை. எந்தத் தசை, எந்த நரம்பு என்று உட்கார்ந்து மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். வேறு வழி கிடையாது.

முன்பாடங்களை ஆன்லைனில் முடிக்கலாம். வேலையில் இருந்துகொண்டே பலர் இப்படித்தான் செய்கிறார்கள். யூட்டா ஸ்டேட் பல்கலைக்கழகம் இதே துறையில் இரண்டாவது இளங்கலைப் பட்டத்தையே ஆன்லைனில் தருகிறது. வர்ஜீனியாவின் லாங்வுட் பல்கலைக்கழகத்தில் முன்பாடங்கள் மட்டும் எடுக்கலாம். பாஸ்டனில் எம்.ஜி.எச். இன்ஸ்டிடியூட் போன்ற சில இடங்கள் எந்தத் துறைப் பட்டதாரியையும் நேரே மாஸ்டர்ஸில் சேர்த்துக்கொள்ளும். மற்றவர்கள் முன்னால் படித்ததையும் சேர்த்து அங்கேயே படிக்க வேண்டும் என்பதால் சுமை குறைந்துவிடாது. ஆனால் விண்ணப்பம் ஒரே தடவையோடு முடிந்துவிடும்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் சேர நினைக்கும் நாலைந்து மாஸ்டர்ஸ் திட்டங்களின் முன்பாடப் பட்டியலை அருகருகே வைத்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் பொதுவான பாடங்களை முதலில் எடுங்கள். ஒரே ஒரு பல்கலைக்கழகம் கேட்கும் பாடத்தைக் கடைசிக்கு வையுங்கள்.

இவை போக, ஆஷா கேட்கும் நான்கு அறிவியல் பாடங்கள் உண்டு. ஆஷா என்பது அமெரிக்கப் பேச்சு-மொழி-செவித்திறன் சங்கம்; 1925இல் தொடங்கியது. இந்தத் தொழிலின் தேசியச் சான்றிதழை அதுதான் தருகிறது. உயிரியல், புள்ளியியல், உளவியலோ சமூகவியலோ ஒன்று, இயற்பியலோ வேதியியலோ ஒன்று என்று கல்லூரி மட்டத்தில் படித்திருக்க வேண்டும். இந்தியாவில் பி.இ. முடித்தவருக்கு இயற்பியல், வேதியியல், புள்ளியியல் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். ப்ளஸ் டூவில் கணினிப் பிரிவு எடுத்தவருக்குக் கல்லூரியிலும் உயிரியல் இருந்திருக்காது, உளவியலும் இருக்காது. பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் இந்த இரண்டையும் குறைந்த செலவில் முடித்துவிடலாம்.

இந்தியப் பட்டத்தை வெஸ் போன்ற ஒரு நிறுவனம் மூலம் மதிப்பீடு செய்யச் சொல்வார்கள். நான்கு வருட பி.இ.க்குப் பெரும்பாலும் பிரச்சினை வராது. மூன்று வருட பி.எஸ்ஸி., பி.காம். பட்டத்தைச் சில பல்கலைக்கழகங்கள் முழு இளங்கலையாக ஏற்கும், சில ஏற்காது. இதை முன்பாடங்களில் சேரும் முன்பே சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.

விண்ணப்பம்

பெரும்பாலான பல்கலைக்கழகங்களுக்குச் சி.எஸ்.டி.கேஸ் என்ற ஒரே இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். மதிப்பெண், பரிந்துரைக் கடிதங்கள், சுயவிவரக் கட்டுரை எல்லாம் அங்கே ஒருமுறை ஏற்றினால் போதும். ஜி.ஆர்.இ. தேர்வைப் பல இடங்கள் கைவிட்டுவிட்டன. போட்டி கடுமைதான். பாடம் நடத்த ஆசிரியர் வேண்டும், கிளினிக்கில் சூப்பர்வைசர் வேண்டும் என்பதால் ஒவ்வொரு வகுப்பிலும் குறைந்த இடங்கள்தான் வைத்திருப்பார்கள்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் வாங்கிய பி.இ. மதிப்பெண் சுமாராக இருக்கிறதே என்று கவலைப்படுபவர்கள் நிறைய. முன்பாடங்களில் வாங்கும் ‘ஏ’ அதைப் பெரிதும் ஈடுகட்டும். இன்றைக்கு இந்தப் பாடத்தை உங்களால் படிக்க முடிகிறதா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. பரிந்துரைக் கடிதமும் அங்கிருந்துதான் வரவேண்டும். ஆன்லைன் வகுப்பில் பெயர் மட்டும் தெரிந்த ஆசிரியர் நல்ல கடிதம் எழுத மாட்டார். அவர் ஒதுக்கும் அலுவல் நேரத்தில் போய்ப் பேசுங்கள், கேள்வி கேளுங்கள்.

சுயவிவரக் கட்டுரையில் “எனக்கு மக்களுக்கு உதவப் பிடிக்கும்” என்ற வரி எல்லோருடையதிலும் இருக்கும். உங்கள் பழைய வேலையைப் பற்றி எழுதுங்கள். கஸ்டமர் சப்போர்ட்டில் கோபமாக இருப்பவரை அமைதிப்படுத்தியது, டெஸ்டிங்கில் ஒரு பிழையை எங்கே தொடங்குகிறது என்று படிப்படியாகத் தேடியது, வகுப்பில் ஒரே பாடத்தை நாலு விதமாகச் சொல்லிக்கொடுத்தது. இவையெல்லாம் கிளினிக்கில் அன்றாடம் தேவைப்படுபவை. சொந்தப் பிள்ளையின் கதையை எழுதலாம், தவறில்லை. ஆனால் கட்டுரை முழுக்க அதுவாகவே இருந்தால், உங்கள் பிள்ளை அல்லாத ஒருவரோடு உங்களால் வேலை செய்ய முடியுமா என்பது படிப்பவருக்குத் தெரியாமலே போய்விடும்.

ஆஷாவின் கணக்கில் 25 மணி நேரம் ஒரு தகுதி பெற்ற எஸ்.எல்.பி. வேலை செய்வதைப் பார்வையிட்டிருக்க வேண்டும். மாஸ்டர்ஸில் சேர்ந்த பிறகும் இதை முடிக்கலாம் என்றாலும் முதலிலேயே செய்யச் சொல்கிறேன். பள்ளியில் ஒரு காலை, முதியோர் இல்லத்தில் ஒரு காலை உட்கார்ந்து பாருங்கள். ஒரே சொல்லை நாற்பது தடவை சொல்லவைக்கும் பொறுமையும், எச்சில், சளி, இருமல் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் முகம் சுளிக்காமல் இருப்பதும் உங்களுக்கு ஒத்துவருமா என்று அங்கே தெரிந்துவிடும். ஒத்துவராவிட்டால் நான்கு வருடமும் பெரிய தொகையும் மிச்சம்.

அந்த இரண்டு வருடம்

மாஸ்டர்ஸை இரண்டு வேலைகளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வகுப்பு: பக்கவாதத்தால் வரும் பேச்சிழப்பு, விழுங்கல் கோளாறு, குழந்தை மொழி, திக்குவாய், குரல், ஆராய்ச்சி முறைகள். இன்னொன்று கிளினிக். ஆஷா சான்றிதழுக்கு மொத்தம் 400 மணி நேரக் கிளினிக் அனுபவம் வேண்டும். பார்வையிட்ட 25 மணியும் அதில் சேரும்; மீதி 375 மணி நீங்களே நோயாளியோடோ மாணவரோடோ நேரடியாக வேலை செய்ததாக இருக்க வேண்டும். இந்த நேரத்தில் குறைந்தது கால்பங்காவது சூப்பர்வைசர் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது விதி.

நானூறு மணி என்றால் பத்து வாரம்தானே என்று தோன்றும். நேரில் செலவிட்ட ஒவ்வொரு மணிக்கும் முன்னால் திட்டம் எழுத வேண்டும், பின்னால் குறிப்பு எழுத வேண்டும், சூப்பர்வைசர் திருத்தித் தந்ததைத் திரும்ப எழுத வேண்டும். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா ஃபோன் செய்தால் அந்த மணி போச்சு. முதல் வருடம் பெரும்பாலும் பல்கலைக்கழகக் கிளினிக்கில், அப்புறம் வெளியே ஒரு பள்ளியில், ஒரு மருத்துவமனையில் என்று அனுப்புவார்கள். அங்கே போகும் முன் கைரேகை, பின்னணிச் சோதனை, தடுப்பூசி, காசநோய்ப் பரிசோதனை எல்லாம் கேட்பார்கள். வெளி இடத்தில் முழுநேர ஊழியர் மாதிரி காலை முதல் மாலை வரை இருக்க வேண்டும், ஆனால் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. சிறு குழந்தை உள்ளவர்கள், பழைய வேலையைப் பகுதிநேரமாகத் தொடர நினைப்பவர்கள் இந்தக் கட்டத்தைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். ஆன்லைன் மாஸ்டர்ஸிலும் கிளினிக் ஆன்லைனில் முடிந்துவிடாது. உங்கள் ஊரில் போய் நின்றுதான் ஆக வேண்டும்.

வேறு துறையில் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு இங்கே ஒரு சங்கடம் வரும். பழைய இடத்தில் நாலு பேர் உங்களிடம் யோசனை கேட்டிருப்பார்கள். இங்கே இருபத்தெட்டு வயது சூப்பர்வைசர் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, “நீங்கள் கேள்வி கேட்டுவிட்டு அந்தப் பெரியவர் பதில் சொல்ல நேரமே கொடுக்கவில்லை” என்று எழுதித் தருவார். பக்கவாதம் வந்தவருக்குச் சொல் மேலே வர நேரம் எடுக்கும். “கத்தி” என்ற சொல் கிடைக்காமல் “காய்... வெட்டுவோமே... கூர்மையா...” என்று அவர் சுற்றிச் சுற்றி வருவார். நாம் பாவம் என்று நினைத்து அந்தச் சொல்லைச் சட்டென்று எடுத்துக் கொடுத்துவிடுவோம். அப்படிக் கொடுக்கக் கூடாது. அவர் சொன்ன அந்தச் சுற்றுச் சொற்கள்தான் அவருக்குக் கிடைத்த ஏணி. எங்கே பயன்படும், எப்படி இருக்கும், எந்த வகையைச் சேர்ந்தது என்று நாமும் அதே வழியில் கேட்டுக்கொண்டு போனால் பல நேரம் சொல் வந்துவிடும். வாயை மூடிக்கொண்டு காத்திருக்கக் கற்பதுதான் வளர்ந்தவர்களுக்குக் கிளினிக்கில் கஷ்டமான பாடம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பட்டத்துக்கு அப்புறம்

பட்டம் கையில் வந்ததும் லைசென்ஸ் வந்துவிடாது. பிராக்ஸிஸ் என்ற தேசியத் தேர்வு எழுத வேண்டும். 132 கேள்விகள், 150 நிமிடம், 162 எடுத்தால் தேர்ச்சி. மாஸ்டர்ஸ் கடைசி செமஸ்டரிலேயே பலர் எழுதி முடித்துவிடுவார்கள்.

அடுத்தது கிளினிக்கல் ஃபெல்லோஷிப். சி.எஃப். என்று சொல்வார்கள். சான்றிதழ் பெற்ற ஒருவரின் வழிகாட்டுதலில் குறைந்தது 36 வாரம், மொத்தம் 1,260 மணி நேரம் வேலை. இதற்குச் சம்பளம் உண்டு. பகுதிநேரமாகவும் செய்யலாம், அதற்கேற்ப வாரங்கள் கூடும். இதை முடித்தால் சி.சி.சி. என்னும் ஆஷா சான்றிதழ் கிடைக்கும். மாநில லைசென்ஸ் தனி விஷயம். வேலை பார்க்க அதுதான் சட்டப்படி தேவை, விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியா போன்ற இடங்களில் அரசுப் பள்ளியில் சேரத் தனியாக ஒரு கல்விச் சான்றும் வேண்டும்.

முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பளத்தைவிட வழிகாட்டியைப் பாருங்கள். அவர் அதே கட்டடத்தில் இருப்பாரா, ஃபோனில் மட்டுமா, உங்களுக்கென்று நேரம் ஒதுக்கியிருக்கிறாரா என்று நேர்முகத்திலேயே கேட்கலாம். கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நான்கு வருடம் பொறுக்க முடியாது, முதலில் உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு உதவியாளர் வேலை இருக்கிறது. எஸ்.எல்.பி.ஏ. என்பார்கள். முன்பாடங்களை முடித்தவர்கள் பல மாநிலங்களில் இதற்குத் தகுதி பெறலாம். எஸ்.எல்.பி. போட்டுக் கொடுத்த திட்டப்படி பிள்ளைகளோடு வேலை செய்வார்கள். நோயைக் கண்டறிவதோ திட்டம் போடுவதோ அவர்கள் வேலை இல்லை. மாஸ்டர்ஸ் விண்ணப்பத்துக்கும் இது நல்ல பலம்.

தமிழ் தெரிந்திருப்பது

அமெரிக்க எஸ்.எல்.பி.க்களில் இரு மொழியில் சிகிச்சை தரக்கூடியவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. அதிலும் பெரும்பாலோர் ஸ்பானிஷ் பேசுபவர்கள். நியூஜெர்சியிலோ டாலஸ் பக்கத்திலோ தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை ஒன்று சோதனைக்கு வந்தால், அந்த மொழியே தெரியாத ஒருவர்தான் அதை மதிப்பிடுவார். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

ஐந்து வயதுப் பெண் ஆங்கிலத்தில் ‘வி’யையும் ‘டபிள்யூ’வையும் ஒரே மாதிரி சொல்கிறாள், ‘தி’, ‘ஏ’ போன்ற சிறு சொற்களை விடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தமிழில் ‘வ’ ஒன்றுதான், ஆங்கிலத்தில் இருக்கும் அந்தச் சிறு சொற்களும் கிடையாது. இது வீட்டு மொழியின் சாயல், குறைபாடு இல்லை. தமிழுக்குள்ளேயும் அப்படித்தான். மதுரைப் பக்கத்து அம்மா “பளம்” என்று சொல்லும் வீட்டில் பிள்ளையும் “பளம்” என்றுதான் சொல்லும். அதற்கு ‘ழ’ பயிற்சி கொடுக்கத் தெரபிஸ்ட் தேவையில்லை. மாறாக, தமிழிலும் சொற்கள் குறைவு, இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை, சொன்னது புரியவில்லை என்றால் அது கவனிக்க வேண்டியது. வித்தியாசமா குறைபாடா என்று பிரிக்க இரண்டு மொழியிலும் பார்த்தாக வேண்டும்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. “வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்” என்ற அறிவுரையை இன்னமும் பெற்றோர்கள் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். இரு மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை, இருக்கும் குறைபாடு மோசமாவதும் இல்லை. ஆராய்ச்சிகள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. தனக்குத் தட்டுத்தடுமாறி வரும் மொழியில் பேசச் சொன்னால் அம்மா குறைவாகத்தான் பேசுவாள். பாட்டியோடு பிள்ளைக்குப் பேச்சே நின்றுவிடும். பேச்சு வரத் தாமதமாகும் பிள்ளைக்கு வேண்டியது அதிகப் பேச்சு. இதை அந்த அம்மாவுக்குத் தமிழிலேயே விளக்கிச் சொல்லக்கூடிய ஒருவர் அந்த அறையில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பழைய வேலையை விட்டு இதற்கு வரலாமா என்று தயங்குபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பணமும் விசாவும்

தனியார் பல்கலைக்கழகத்துக்கும், உள்ளூர்வாசிக் கட்டணம் கிடைக்கும் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் செலவில் பெரிய வித்தியாசம் உண்டு. சான்றிதழ் இரண்டிலும் ஒன்றுதான், முதல் சம்பளமும் பெரிதாக மாறாது. அதனால் பெயரைப் பார்த்துக் கூடுதலாகக் கட்ட வேண்டாம் என்பது என் கட்சி. வருமானம் என்று பார்த்தால், அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி 2023இல் எஸ்.எல்.பி.க்களின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 89,290 டாலர். 2023 முதல் 2033 வரை வேலைகள் 18 சதவீதம் கூடும் என்று அதே துறை கணித்தது. மென்பொருள் சம்பளத்திலிருந்து வருபவர்களுக்கு இது இறக்கமாகத்தான் இருக்கும். குடியுரிமையோ பச்சை அட்டையோ உள்ளவர்கள் கூட்டாட்சி அரசின் மாணவர் கடன் வாங்கலாம், ஆனால் 2026 ஜூலையிலிருந்து முதுகலை மாணவர்களுக்கான கடன் விதிகள் இறுகுகின்றன. சேரும் முன் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் புதிய வரம்பைக் கேளுங்கள்.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குக் கிடைப்பது) இருப்பவர் முழுநேரமாகவோ பகுதிநேரமாகவோ படிக்கலாம். சிக்கல் படிப்பில் இல்லை, சி.எஃப்.பில் இருக்கிறது. அது சம்பள வேலை, வேலை அனுமதி இல்லாமல் செய்ய முடியாது. கணவரின் அல்லது மனைவியின் பச்சை அட்டைக்கான ஐ-140 மனு ஒப்புதல் ஆகியிருந்தால் எச்-4 வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் படிப்புக்குப் பின் கிடைக்கும் 12 மாத வேலை அனுமதியான ஓ.பி.டி.யில் 36 வார சி.எஃப்.பை முடித்துவிடலாம், வேலை சீக்கிரம் கிடைத்தால். முழுக்க ஆன்லைனில் நடக்கும் படிப்புக்கு எஃப்-1 கிடைக்காது. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். முன்பாடங்கள் தொடங்கும்போதே கேளுங்கள், மாஸ்டர்ஸ் கடைசி செமஸ்டரில் வேண்டாம்.

இந்தியாவில் இருந்துகொண்டு கேட்பவர்களுக்கு: அங்கே இப்படி நடுவில் நுழையும் வழி இல்லை. எம்.எஸ்ஸி.யில் சேர இதே துறையின் இளங்கலையான பி.ஏ.எஸ்.எல்.பி. பட்டம் வேண்டும். அது ப்ளஸ் டூவுக்குப் பின் நான்கு வருடம். வேலை பார்க்க இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பிரிட்டனில் வேறு துறைப் பட்டதாரிகளுக்கென்றே இரண்டு வருட மாஸ்டர்ஸ் படிப்புகள் இருக்கின்றன, முடித்ததும் அந்நாட்டின் சுகாதாரத் தொழில் பதிவு அமைப்பான எச்.சி.பி.சி.யில் பதிவு செய்துகொண்டு வேலைக்குப் போகலாம்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று தேடும்போது முதலில் அது ஆஷாவின் அங்கீகாரக் குழுவான சி.ஏ.ஏ.வின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்தப் பட்டம் சான்றிதழுக்கு உதவாது. அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு திட்டமும் எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேர் பிராக்ஸிஸில் தேறினார்கள் என்பதைத் தன் இணையதளத்தில் போட வேண்டும். அதைப் படியுங்கள். அப்புறம் இப்போது அங்கே படிக்கும் ஒருவரைப் பிடித்து இரண்டு கேள்வி கேளுங்கள்: வெளிக் கிளினிக் இடங்களைப் பல்கலைக்கழகமே ஏற்பாடு செய்கிறதா, நாமே தேடிக்கொள்ள வேண்டுமா? மருத்துவமனையில் இடம் எல்லோருக்கும் கிடைக்கிறதா, சிலருக்கு மட்டுமா? இணையதளத்தில் இதற்குப் பதில் இருக்காது. மாணவர்கள் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள்.